கொரட்டூரில் எண்ணிய மாயா நாட்கள்

குவாத்தமாலா மலைநாட்டுக்குப் போகத் திட்டமிடும் வாசகர்கள் இருவர், அங்கே மாயா மக்கள் இன்றும் எண்ணிவரும் நாட்காட்டியைப் பற்றி விசாரித்திருந்தார்கள். நான் அங்கே போனதில்லை. அந்த நாட்காட்டிக்காக நான் போனது ஆவடியிலிருந்து கொரட்டூர் வரைதான், சுமார் பத்து கிலோமீட்டர். 1993 ஆகஸ்ட் 8, ஞாயிற்றுக்கிழமை.

அப்போது நான் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டும் டர்னர். குவார்ட்டர்ஸில் நானும் மனைவி ரெஜினாவும்தான். அந்த மார்ச்சில் எங்களுக்குப் பிறந்த பெண் குழந்தை ஒன்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். துக்கம் கேட்க வந்த ஒரு பெண், "பாட்டிமையில பொறந்த கொயந்த, எப்டிமா தங்கும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். அமாவாசைக்கு மறுநாள் ஆகாது என்பதெல்லாம் கத்தோலிக்கரான எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு ரெஜினாவுக்குள் தங்கிவிட்டது. அதன்பின் அவள் குழந்தையின் பெயரைச் சொல்லவில்லை. கல்லறைக்கும் வரவில்லை.

அவளுடைய சித்தி ஒரு கன்னியாஸ்திரி. குவாத்தமாலா மலையூர் ஒன்றில் பதினொரு வருடம் பிரசவம் பார்த்தவர், விடுமுறைக்கு கொரட்டூர் மடத்துக்கு வந்திருந்தார். பார்க்கப் போனோம். காலை 9.20 மின்சார ரயில், தலைக்கு இரண்டு ரூபாய், இருபது நிமிடம். ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரரிடம் வழி கேட்டேன்.

"மடமா? ஏரிக்கரை தாண்டிக் கீது. அம்மாவ வெயில்ல நிக்க வெக்காத நைனா, மூஞ்சி வாடிக் கீது பாரு. குந்துங்க, அஞ்சு ரூபா குடு, போதும்."

சித்தி காபி கொடுத்தார். ரெஜினா எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்: "கெட்ட நாள்ல பொறந்ததாலதான் போயிட்டாளா, சித்தி?"

சித்தி கேட்டார்: "என்ன தேதிட்டி அது?"

"மார்ச் இருபத்திநாலு."

சுவரில் இருந்த மாதக் காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் இருந்த மலையூரில் இருபது நாட்களுக்கு இருபது பெயர்கள். ஒன்று முதல் பதின்மூன்று வரை எண்கள். நாளுக்கு ஒரு பெயர், ஒரு எண் என்று இரண்டும் சேர்ந்தே நகரும். இருநூற்று அறுபது நாள் கழித்துத்தான் அதே ஜோடி திரும்ப வரும். "ஒரு பிள்ளை வயித்துல இருக்கிற காலம்னு அங்க மருத்துவச்சிங்க சொல்லுவாவ," என்றபடி, தமக்குத் தெரிந்த அன்றைய நாளின் பெயரிலிருந்து பென்சிலால் பின்னோக்கி எண்ணினார். ஜூலையில் ஒருமுறை தவறி, மறுபடி ஆரம்பித்தார்.

"ஏழு, கனில். விதைக்கு உரிய நாள்."

"அப்ப நல்ல நாளா? பின்ன ஏன் போனா?"

"அது எனக்குத் தெரியாதுட்டி. அங்க எந்த நாளையும் வெரட்ட மாட்டாவ. வீட்டுக்கு வந்த பெரிய மனுசரைப்போல பேர் சொல்லி வணங்குவாவ. நாள்மேல பழி போடாத. உன்மேலயும் போட்டுக்காத. டிசம்பர் ஒன்பதாம் தேதி அந்த நாள் திரும்ப வருது. அன்னைக்காவது பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடு."

ரெஜினா அழுதாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.

அங்கே போகிறவர்களுக்கு, சித்தி சொன்னதை வைத்துச் சில வார்த்தை. இந்த நாட்களை எண்ணிச் சொல்பவரைப் பார்க்கப் போனால் பிறந்த தேதியை ஆண்டோடு எழுதிக் கொண்டுபோங்கள். ஆண்டு தெரியாமல் எண்ண முடியாது. வழிபாடு நடக்கும் இடத்தில் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். போனதும் அதிர்ஷ்டம் எப்படி என்று கேட்காதீர்கள். அவர் எண்ணி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.

டிசம்பர் 9 வியாழக்கிழமை. லீவு போட்டேன். ரெஜினாவே முதலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். கல்லறைத் தோட்டத்தில் முந்தைய நாள் மழைத்தண்ணீர் வடிந்திருக்கவில்லை.

"அமலி," என்று கூப்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி அந்த ஒன்பது நாட்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். ஆறாம் நாள் குழந்தைக்கு விக்கல் வந்ததாம், முதுகைத் தடவினால் நின்றுவிடுமாம். அன்று நான் ஷிப்டில் இருந்தேன், இதெல்லாம் எனக்குத் தெரியாது.

"அப்புறம்?" என்றேன்.

ஏழாம் நாளைச் சொன்னாள்.