வாயை மறைத்த துண்டு

மேலநீலிதநல்லூரிலிருந்து வந்தவருக்கு முன்பல் நாலும் இல்லையென்று சீட்டில் எழுதியிருந்தது. நாற்காலியில் சாய்ந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை மறைத்துக்கொண்டுதான் பேசினார்.

"மக கல்யாணத்துக்குள்ள பல்லு கட்டணும் டாக்டர். எவ்வளவு ஆவும்?"

கழற்றி மாட்டுவதற்கு ஒரு விலை, நிலையாகக் கட்டுவதற்கு ஒரு விலை. நான் தினமும் ஒப்பிக்கிற அந்தக் கணக்கு அந்தத் துண்டைப் பார்த்ததும் வரவில்லை.

அப்பாவுக்கும் முன்பல் கிடையாது. சாயங்காலம் கருப்பட்டிக் காப்பியில் முறுக்கை ஊறப்போட்டு, நாக்கால் மேலே அழுத்தி நசுக்கித் தின்பார். எனக்குப் பத்து வயதிருக்கும். தெருப் பையன்கள் நடுவில் உதட்டை உள்ளே மடித்து, அவர் தின்பதை அப்படியே நடித்துக் காட்டினேன். எல்லாரும் உருண்டு சிரித்தார்கள். பின்னால் அப்பா நின்றிருந்தார். அவரும் சிரித்தார், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு. முறுக்கை அன்றோடு விட்டுவிட்டார். துண்டை விடவில்லை.

சங்கரன்கோவிலில் கிளினிக் திறந்த அன்று, முதல் பல்செட் உங்களுக்குத்தான் என்றேன்.

"எனக்கு எதுக்குல, மக்கா? வாய மூடியே பழகிட்டு."

பிறகு அவர் வாயை நான் பார்த்தது, வாய்க்கரிசி போட்டபோதுதான்.

"ரொம்ப ஆவுமோ டாக்டர்?" நாற்காலியில் இருந்தவர் துண்டை எடுக்காமலே கேட்டார்.

"அதப் பெறவு பாப்போம். மொதல்ல துண்ட எடுங்க அண்ணாச்சி" என்றேன். நல்லவேளை, என் வாயை மாஸ்க் மறைத்திருந்தது.