மசக்கை வக்கீலும் ஒரு தட்டுப் புளியோகரேயும்

வாய்தாவுக்கு வாய்தா கட்சிக்காரர் பெருத்துக்கொண்டே போவது எங்கள் தொழிலில் மட்டும்தான். நான் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கார்மெண்ட்ஸ் தொழிலாளர் சங்கத்தில் கேஸ் பார்க்கிறவள். கருப்புக் கோட்டெல்லாம் கிடையாது, காட்டன் புடவையும் ஒரு ஜோல்னாப் பையும்தான். கர்ப்பமானதற்காகவே வேலையை விட்டுத் துரத்தப்பட்ட பெண்கள் என்னிடம் வருவார்கள். அதனால் லேபர் ஆபீஸ் பியூன் எனக்கு ‘மசக்கை வக்கீல்’ என்று பெயர் வைத்துவிட்டார். கேஸ் இழுத்தால் மற்றவர்களுக்கு நஷ்டமில்லை, அடுத்த தேதி வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, பிரசவத்துக்கு எந்த அதிகாரியும் வாய்தா தரமாட்டார். நீங்களும் ஒருமுறையாவது எச்.ஆர். அறையில், ஏ.சி. குளிரில், உள்ளங்கை வியர்க்க உட்கார்ந்திருந்தால் நம்ம ஜாதிதான். வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

பேக்கரி பெஞ்ச்

எங்கள் சங்க ஆபீஸ் ஒரு ஐயங்கார் பேக்கரியின் மாடியில் இருக்கிறது. படி ஏணி மாதிரி செங்குத்து. நிறைமாதக்காரி ஏறினால் கேஸ் கொடுக்கும் முன்பே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே நானே கீழே இறங்கி, பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து கேஸ் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கட்சிக்காரி காரா பன் சாப்பிட்டபடி சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன். சாப்பிட்டுக்கொண்டே அழுவது கஷ்டம் என்பது இதிலுள்ள கூடுதல் லாபம்.

சுமதி அப்படித்தான் வந்தாள். ஒக்கலிபுரத்துப் பெண், சட்டைக்குக் காலர் வைக்கிற டெய்லர். ஏழு மாசம். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், அவள் பன்னை வாயருகே கொண்டுபோகும்போதெல்லாம் பேக்கரியே திரும்பிப் பார்த்தது. ஒரு நாள் எச்.ஆர். மேனேஜர் கூப்பிட்டு, வேலையில் வேகம் போதவில்லை, நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு என்றாராம். இவள் எழுத மாட்டேன் என்றிருக்கிறாள். மறுநாள் காலை கேட்டிலேயே செக்யூரிட்டி நிறுத்திவிட்டார்.

நான் என் வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன். கர்ப்பத்தைக் காரணமாக வைத்து வேலையை விட்டு எடுக்கக்கூடாது. பிரசவ லீவு அவர்கள் போடும் பிச்சை இல்லை, உன் உரிமை. லேபர் ஆபீசில் புகார் கொடுப்போம், கூப்பிட்டு விசாரிப்பார்கள், சங்கத்தின் சார்பில் நானே வந்து பேசுவேன். நான் மூச்சு விடாமல் பேசியதையெல்லாம் அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கையிலிருந்த பன் தூளைத் தட்டிவிட்டுக் கேட்டாள்:

“அதெல்லாம் சரிக்கா, கொழந்த பொறக்கறதுக்குள்ள சட்டம் வந்துடுமா?”

தலையணை

சுமதியின் புருஷன் ரமேஷ் ஆட்டோ ஓட்டுகிறான். காதல் கல்யாணம். பெண்டாட்டிக்கு இடுப்பு வலி என்று தெரிந்த நாளிலிருந்து அவன் ஒரு பூப்போட்ட தலையணையை எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு வருவான். லேபர் ஆபீசுக்கும் வந்தான். வாசலில் காவலர் அதை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, சந்தேகம் தீராமல்தான் உள்ளே விட்டார்.

கம்பெனி தரப்பில் எச்.ஆர். மேனேஜர் பிரதீப் வந்திருந்தார். ஓசூர்க்காரர். நல்ல இஸ்திரி போட்ட சட்டை, அதைவிட நல்ல இஸ்திரி போட்ட முகம். அந்தம்மா கர்ப்பமாக இருந்ததே எங்களுக்குத் தெரியாது, எழுத்தில் அவர் ஒன்றும் கொடுக்கவில்லை, வேலை சரியில்லை என்றுதான் எடுத்தோம் என்றார். ஏழு மாச வயிறு எப்படிக் கண்ணில் படாமல் போகும் என்று நான் கேட்டதற்கு, எல்லோரும் ஏப்ரன் போட்டிருப்பார்கள், நான் பெண்களை உற்றுப் பார்க்கிறவன் இல்லை என்றார். ஆளைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் பதில் சுத்தமான பதில்.

இங்கேதான் நம் பெண்கள் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பக்கத்து மெஷின்காரிக்கு முதல் வாரமே சொல்வார்கள், ஆபீசுக்கு மட்டும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்ற பயம். எழுதிக் கொடுக்கவில்லை என்பதற்காக லீவு உரிமை போய்விடாது. ஆனால் வேலை திரும்ப வேண்டுமென்றால், தெரிந்தேதான் எடுத்தார்கள் என்று நான் காட்டியாக வேண்டும். லேபர் ஆபீசர் அம்மா கோலார் பக்கம், தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுவார். ஏதாவது ஆதாரம் கொண்டு வாருங்கள் என்று தேதி கொடுத்தார். பதற்றத்தில் ரமேஷ் தலையணையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தபடி நின்றான். ஆபீசர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

“அத ஸ்வல்ப கீழ வைப்பா, யாருக்கு எத்தன மாசம்னே எனக்குக் குழப்பமா இருக்கு.”

லைன் போட்ட வளையல்

ஞாயிற்றுக்கிழமை சுமதியோடு மஞ்சுளாவும் பேக்கரிக்கு வந்தாள். பக்கத்து மெஷின்காரி, கன்னடத்துப் பெண், ஆனால் நம்மைவிட வேகமாகத் தமிழில் திட்டுவாள். வந்ததும் வராததுமாக அவள் சுமதியைத்தான் திட்டினாள், இன்னும் அக்காகிட்ட வளையல் விஷயத்தைச் சொல்லலையா என்று. நானோ அந்த வளையல் புருஷன் வீட்டில் போட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காதல் கல்யாணம் என்பதால் சுமதியின் தாய்வீட்டில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் அவளோடு வரிசையாக மெஷினில் உட்காருகிற லைனே தாய்வீடாகிவிட்டது. அந்த லைனில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்கு ஏழாம் மாசம் வந்தாலும், சாதி மதம் பாஷை பார்க்காமல், மதிய இடைவேளையில் கேன்டீனில் வளைகாப்பு. கன்னடத்துக்காரிகள் அதைச் சீமந்தம் என்பார்கள், பேரில் என்ன இருக்கிறது, சாப்பாடு ஒன்றுதான். வளையல் கடைக்காரர் பெண் ஷாஹீன் வளையல் கொண்டுவருவாள், ஆளுக்கொரு சாதம் செய்துவருவார்கள். இடைவேளையோ கொஞ்ச நேரம். அதனால் சட்டை தைக்கிற மாதிரியே வேலையைப் பிரித்துக்கொள்வார்களாம்: ஒருத்தி சந்தனம் பூசி நகர, அடுத்தவள் குங்குமம், அதற்கடுத்தவள் வளையல். மணி அடிப்பதற்குள் ஒரு தாய் தயார்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இவ்வளவு பெரிய சமாசாரத்தை ஏனம்மா மறைத்தாய் என்று கேட்டேன். வெளிச் சாப்பாடு கேன்டீனுக்குள் கூடாது என்று கம்பெனியில் ரூல் இருக்கிறது, சொன்னால் லைன் முழுக்க மாட்டிக்கொள்ளும் என்றாள் சுமதி. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, எல்லாருக்கும் வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்புவாங்க, என்னை வளையல் போட்டதும் அம்மா வீட்ட விட்டே தொரத்திட்டாங்கக்கா என்றாள். காரா பன் இருந்தும் அன்று நாங்கள் மூன்று பேருமே அழுதோம். இந்தப் பெண்ணை அந்த லைனில் மறுபடி உட்கார வைக்காமல் ஓய்வதில்லை என்று எனக்கு அப்போதுதான் வெறி வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு விசாரித்தேன். போட்டோ இருக்கிறதா? போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். லைனில் யாராவது சாட்சி சொல்வார்களா? சொன்னால் அவர்கள் வேலையும் போகும், நான் கேட்கவே மாட்டேன். லைனைத் தவிர வேறு யாராவது அங்கே வந்தார்களா? மஞ்சுளா, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்தாள். நாம் புளியோதரை என்பதை அவள் புளியோகரே என்பாள், அன்றைக்கு அதைச் செய்ததும் அவள்தான்.

“வாசனை புடிச்சுகினு பிரதீப் சார் திட்டத்தான் வந்தாரு, அப்புறம் ரெண்டாவது தடவ புளியோகரே கேட்டு வாங்கினாரு.”

மேனேஜரின் குற்றப்பட்டியல்

இதை வைத்துக்கொண்டு மஞ்சுளாவைக் காட்டிக்கொடுக்காமல் எப்படிப் பேசுவது? நான் குடியிருக்கும் நீலசந்திராவிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மாதாவை வேண்டிக்கொண்டே யோசித்தேன். கடைசியில் சாப்பாட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த தேதியில் லேபர் ஆபீசர் முன்னால் உட்கார்ந்து, வேலை சரியில்லை என்கிறீர்களே, அப்படி என்ன சார் சரியில்லை என்று மட்டும் கேட்டேன். மாமியார் வீட்டில் மருமகளைப் பற்றிக் கேட்டமாதிரி ஆயிற்று. மனுஷன் உற்சாகமாகிவிட்டார்.

வேகம் குறைந்துவிட்டது என்றார். அடிக்கடி பாத்ரூம் போகிறார் என்றார். சொன்ன பேச்சு கேட்பதில்லை என்றார். எந்தப் பேச்சு சார் என்றேன், பேனாவை மூடி வைத்துவிட்டு, அசட்டுத்தனமாக. மெஷினில் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு உட்காரக்கூடாது, உடைந்தால் கையைக் கிழிக்கும், நான் நேரிலேயே போய்க் கழற்றச் சொன்னேன், கழற்ற மாட்டேன் என்றுவிட்டார் என்றார். அதென்ன அவ்வளவு பிடிவாதம் என்று லேபர் ஆபீசர் அம்மாவே அவருக்காக வருத்தப்பட்டுக் கேட்டார். சுமதி வளையல் சத்தம் வராமல் கையை மடியில் அமுக்கிக்கொண்டாள். பிரதீப் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“கொழந்த பொறக்கற வரைக்கும் கழட்டக்கூடாதுன்னு அவங்களே எங்கிட்ட சொன்னாங்க மேடம்.”

அதே கேட்

ஆபீசர் அம்மா மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் பிரதீபுக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இஸ்திரி முகம் கசங்கிப்போயிற்று. வெளியே போய் போனில் வெகுநேரம் குசுகுசுவென்று பேசிவிட்டுத் திரும்பி வந்தார். வேலை திரும்பத் தருகிறோம், லீவும் முறைப்படி உண்டு, லைனில் யார்மேலும் நடவடிக்கை இருக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரமேஷ் தலையணையை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தான். பாவம், அவனுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நேராக லீவில் போய்விடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். சுமதி கேட்கவில்லை. எந்த கேட்டில் நிறுத்தினார்களோ அந்த கேட் வழியாகவே ஒருமுறை உள்ளே போயாக வேண்டும் என்றாள். போனாள். அதே செக்யூரிட்டி எழுந்து நின்று, முழு கேட்டையும் திறந்துவிட்டார். வளையலுக்கு மேல் துணி சுற்றிக்கொண்டு சில நாள் காலர் வைத்தாள், அப்புறம் லைன் மொத்தமும் வாசல் வரை வந்து லீவுக்கு வழியனுப்பியது. பிறந்தது பெண் குழந்தை. டாக்டர் சொன்ன தேதியைத் தாண்டி நிதானமாகத்தான் வந்தது. கைக்குழந்தையோடு அந்த ஏணிப் படியை ஏறி, மேலே வந்து முதல்முறையாக என் ஆபீசைப் பார்த்தாள் சுமதி.

“சட்டம் முன்னாடியே வந்துடுச்சுக்கா, இவதான் லேட்டு.”

வாசலில் நின்றவர்

லீவு முடிந்து சுமதி மறுபடி காலர் வைக்க ஆரம்பித்தபோது மஞ்சுளாவுக்கு ஏழாம் மாசம். அவள் கதையே வேறு, மூன்றாம் மாசமே ஆபீசில் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். வெளிச் சாப்பாட்டுக்கும் அன்று ஒருநாள் அனுமதி கேட்டு வாங்கியிருந்தார்கள், விருந்தாளியாக என்னையும் கேன்டீனுக்குள் விட்டார்கள். சந்தனம், குங்குமம், வளையல் என்று லைன் ஓடிக்கொண்டிருந்தது. புளியோகரே இந்தமுறை சுமதியின் கை. திரும்பிப் பார்த்தால் கேன்டீன் வாசலில், நிலைப்படிக்கு வெளியே, பிரதீப் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாங்க சார் என்று நான்தான் கூப்பிட்டேன். என்னைப் பார்த்ததும் அவர் இரண்டடி பின்னால் போய், கையிலிருந்த டிபன் டப்பாவை மட்டும் நீட்டினார்.

“வேணாம் மேடம், நான் எதையும் பாக்கல, இதுல கொஞ்சம் போட்டுக் குடுத்துடுங்க.”

ஆகவே என் கட்சிக்காரிகளே, கர்ப்பமானால் ஆபீசுக்கு எழுத்துமூலமாகத் தெரிவித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அது முடியாதவர்கள் தயவுசெய்து மேனேஜருக்கு வயிறாரப் புளியோகரே போடுங்கள்.