வழு பிரிக்கிறவளின் ஆறு கிழமைகள்

பிழையைத் திருத்துகிறவருக்குப் பாராட்டுக் கிடைக்கும், பிழையைக் கண்டுபிடித்தவருக்கு நன்றி கிடைக்கும், நடுவில் நின்று அதைப் பிரித்துப் போடுகிறவருக்கு இரண்டு பக்கத்தாலும் ஏச்சுக் கிடைக்கும். அதுதான் என் தொழில். முறைப்பாட்டு மேசையில் ஒரு நாளாவது இருந்தவர்கள், அது வங்கியோ மின்சாரக் கந்தோரோ எதுவாக இருந்தாலும் சரி, என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடலாம்.

லினக்ஸ் கணினியைத் திறந்ததும் தெரிகிற முகப்பு இருக்கிறதே, யன்னல்கள், சின்னப் படங்கள், மூலையில் மணிக்கூடு, அதைப் பல நாடுகளில் இருக்கிறவர்கள் சேர்ந்து செய்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதில் வருகிற பிழைக்கு வழு என்று பெயர். யார் வேண்டுமானாலும் வழு அறிக்கை எழுதலாம். நிரல் எழுதுகிறவரிடம் அது போகமுன், உண்மையா, ஏற்கெனவே வந்ததா, எவ்வளவு அவசரம் என்று ஒருவர் பார்க்க வேண்டும். தமிழில் வருகிறவை எல்லாம் என் தலையில் விழும். காலையில் இந்த வேலை, பின்னேரம் சாவகச்சேரியில் கணினி வகுப்பு. யார் கேட்டு இதை எடுத்தாய் என்று அம்மா கேட்பார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான்.

போன முறை புதிய பதிப்பு வெளிவர ஆறு கிழமை, அதாவது நாற்பத்திரண்டு நாள், இருக்கும்போது நடந்தவை இவை. அந்த ஆறு கிழமையில் ஒரு பெண்ணை அவருடைய சொந்தக் கணினிக்குள் போகவிடாமல் வெளியே நிறுத்தி வைத்திருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்தேன்.

மூடியாச்சு

அறிக்கை தொண்டைமானாற்றில் இருந்து வந்தது. எழுதியவர் தவமலர் ரீச்சர். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். முன்பும் ஓரிரு தடவை ஃபோனில் கதைத்திருக்கிறோம். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலை வைத்துத்தான் கணினி பாவிக்கிறார். புதிய பதிப்பை முன்கூட்டியே போட்டுப் பார்த்துச் சொல்லத் தானாக முன்வந்தவர். கடவுச்சொல் கேட்கும் முதல் திரையில் குரல் வரவில்லை என்று எழுதியிருந்தார். குரல் இல்லாவிட்டால் திரை விழித்துவிட்டதா, விசைப்பலகை தமிழில் நிற்கிறதா ஆங்கிலத்தில் நிற்கிறதா என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் தமையனைக் கூப்பிட்டுக் கடவுச்சொல்லைச் சொல்லி, அவர் அடித்துத் திறந்துவிட்ட பிறகுதான் உள்ளே போகிறாராம். உள்ளே போய்விட்டால் குரல் வருமாம்.

நான் அதே பதிப்பை என் கணினியில் போட்டுத் திறந்தேன். "கடவுச்சொல்" என்று குரல் கணீரென்று சொன்னது. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் சொன்னது. "மீள உருவாக்க முடியவில்லை" என்று எழுதி அறிக்கையை மூடினேன். உங்கள் வீட்டுப் பேய் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, ஆகவே பேயே இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். அடுத்த நாள் அதன் கீழே ஒரு பதில் இருந்தது: "உங்கடை கொம்பியூட்டர் கதைக்குது எண்டு கேக்கச் சந்தோசம், தங்கச்சி. என்ரை இன்னும் கதைக்கேல்லை."

இராசவள்ளி

கொடிகாமம் சந்தையில் மரக்கறி வியாபாரம் செய்கிற செல்வராசா அண்ணைக்கு அறிக்கை எழுதப் பொறுமை இல்லை, ஃபோனில் சொல்லிவிடுவார். திரையில் எழுத்து வளருதாம். மவுஸின் நடுவில் இருக்கிற சில்லை உருட்ட உருட்டப் பெருக்கிறதாம், கடைசியில் ஒரு சொல்லே திரை முழுக்க நிற்கிறதாம். என்ன பதிப்பு, எந்த மவுஸ், எப்போது தொடங்கியது என்று ஒரு கிழமை அவரைக் குடைந்து எடுத்தேன். அவரும் சளைக்காமல் பதில் சொன்னார். ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு நாள் வகுப்புக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். கணினி இருந்த மேசையிலேதான் மரக்கறியும் பரப்பியிருந்தது. விசைப்பலகையின் இடது மூலையில் ஒரு பெரிய இராசவள்ளிக் கிழங்கு கொன்ட்ரோல் விசையை அமத்திக்கொண்டு படுத்திருந்தது. அந்த விசை அமுங்கியிருக்கும்போது சில்லை உருட்டினால் எழுத்துப் பெருக்கத்தான் செய்யும். கிழங்கைத் தூக்கிக் காட்டினேன். அண்ணை அதை வாங்கித் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். "அது அங்கைதான் இருக்கும், தங்கச்சி. வாற சனம் கிழங்கைத்தான் பாக்குது, உந்தப் பெட்டியை ஒருதரும் பாக்கேல்லை. வேணுமெண்டால் பெட்டியைத் தள்ளி வையுங்கோ."

அற்பம்

ஒவ்வொரு வழுவுக்கும் அவசரத்தின் அளவு குறிக்க வேண்டும். ஆகக் கீழே இருப்பது "அற்பம்". குருநகரில் கடற்றொழில் செய்கிற அருளப்பு அண்ணை வீட்டுக் கணினியில், மூலையில் இருக்கிற வானிலைப் படம் இடி மின்னலோடு அப்படியே நின்றுவிட்டது. கணினி தூங்கி எழும்பினால் படம் புதுப்பிக்கப்படுவதில்லை. வழு உண்மைதான். ஆனால் பெருவிரல் அளவுப் படம், அதைப் பார்த்தா ஒருவர் கடலுக்குப் போகப் போகிறார்? அற்பம் என்று குறித்தேன்.

அண்ணை ஃபோன் எடுத்தார். ஆள் கோபத்தில் கதைக்கவில்லை, கொஞ்சம் கூச்சத்தோடுதான் கதைத்தார். அவர் வள்ளத்தில் போன பிறகு மனைவி அந்தத் திரைக்கு முன்னால் இருந்து செபமாலை சொல்கிறாராம். படத்தில் மின்னல் இருக்கும்வரை அடுப்பும் மூட்டுவதில்லையாம். வெளியே வெயில் எறிக்கிறது என்று அயலட்டைச் சனம் சொன்னாலும் கேட்பதில்லையாம். அற்பத்தை அழித்துவிட்டு "அவசரம்" என்று போட்டேன். ஏன் என்று கேட்ட நிரல்காரருக்கு, அண்ணை சொன்னதையே மொழிபெயர்த்து அனுப்பினேன்: "கடல் எனக்குத் தெரியும், தங்கச்சி. மனிசிக்கு உந்தப் படம்தான் தெரியும்."

திரையைப் படம் பிடித்து அனுப்பவும்

இதற்கிடையில் தவமலர் ரீச்சர் தன் அறிக்கையைத் திரும்பத் திறந்துவிட்டார். பதிப்பு வர மூன்று கிழமைதான் இருந்தது. அன்று எனக்குத் தலைக்கு மேல் வேலை. எங்களிடம் முன்பே எழுதி வைத்த பதில்கள் சில உண்டு, பொத்தானை அமத்தினால் போகும். அமத்தினேன். "தயவுசெய்து உங்கள் திரையைப் படம் பிடித்து இணைக்கவும்" என்று போனது. கண் தெரியாத ஒருவரிடம், சத்தம் வரவில்லை என்ற முறைப்பாட்டுக்கு, படம் கேட்டிருக்கிறேன்!

நாக்கைக் கடித்துக்கொண்டு உடனே ஃபோன் எடுத்தேன். ரீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஏச்சே பரவாயில்லை. இப்போதைக்குப் பழைய பதிப்புக்குத் திரும்பிப் போங்கோ, அது ஒழுங்காகக் கதைக்கும் என்று சமாதானம் சொன்னேன். "நான் திரும்பிப் போகலாம், தங்கச்சி. உது வெளியாலை வந்தாப் பிறகு என்னை மாதிரி மற்ற ஆக்கள் எங்கை போறது? படம் எடுக்க எனக்குத் தெரியாது. சத்தம் எடுத்து அனுப்பிறன், கேளுங்கோ."

மூன்று நிமிடச் சத்தம்

ஒலிப்பதிவு வந்தது. கணினியின் விசிறி சுழலும் சத்தம். வெளியே ஒரு குயில். தூரத்தில் சந்நிதி முருகன் கோயில் மணி. என்டர் விசை ஒரு தரம், பிறகு அமைதி. டாப் விசை ஒரு தரம், பிறகு அமைதி. மறுபடியும் என்டர். கடைசியில் ரீச்சரின் குரல், வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற குரல், நன்றாகத் தாழ்ந்து, "அண்ணை, திரும்பவும் ஒருக்கா வாங்கோ" என்றது. அறிக்கையில் இரண்டு தரம் வாசித்த விஷயம், காதால் கேட்ட பிறகுதான் உறைத்தது.

திரும்பத் திரும்பக் கேட்டேன். நான்காம் தடவைதான் அதில் இல்லாத ஒரு சத்தம் புத்தியில் பட்டது. விசைகள் மட்டும்தான் கேட்டன, மவுஸின் சத்தம் ஒரு இடத்திலும் இல்லை. ஃபோன் எடுத்து, "ரீச்சர், மவுஸை ஒருக்கா ஆட்டிப் பாத்தனீங்களே?" என்றேன். "மவுஸோ? எங்கடை வீட்டிலை அது இல்லையே, தங்கச்சி. அதை வைச்சு நான் எதைச் சுட்டிக் காட்டிறது?"

பிடுங்கினேன்

திரை இருண்டிருந்தால் மவுஸை ஒரு ஆட்டு ஆட்டி எழுப்புவது எங்கள் எல்லோருக்கும் கைப்பழக்கம். யோசித்துச் செய்வதில்லை, செய்ததும் நினைவில் இருப்பதில்லை. என் மவுஸைப் பிடுங்கி மேசை லாச்சிக்குள் போட்டேன். திரையையும் அணைத்தேன். கணினியைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. என்டரை அமத்தினேன், டாப்பை அமத்தினேன், ஏதோ தட்டினேன். என் கணினிக்கு முன்னால், என் கதிரையில் இருந்துகொண்டு என்னாலேயே உள்ளே போக முடியவில்லை. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

கடைசியாகச் செய்த திருத்தத்தில், அந்த முதல் திரையில் மவுஸ் ஒரு தரம் அசைந்தால்தான் குரல் எழும்பும்படி தவறுதலாக ஆகியிருந்தது. அந்தப் பகுதியைப் பார்க்கிற நிரல்காரர் வேறு நாட்டில் இருக்கிறார். என்னைப் போலவே அவரும் முன்பு "எனக்குச் சரியாக வருகிறது" என்று எழுதியவர். இனி ஒருவரும் கைவைக்க முடியாதபடி பதிப்பைப் பூட்ட நான்கு நாள் இருந்தது. விளக்கம் எழுதி அவரை வெல்ல எனக்கு நேரமில்லை. மவுஸைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பாருங்கள் என்று மட்டும் எழுதினேன். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது: "பிடுங்கிவிட்டேன். இப்போது நானும் வெளியே நிற்கிறேன்."

ஃபோனை வையுங்கோ

திருத்தம் அடுத்த நாளே வந்தது. ஆனால் ரீச்சர் சரி என்று சொல்லாமல் அறிக்கையை மூடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் ஃபோன் எடுத்து, அதைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திறந்தார். விசிறி சுழன்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். "கடவுச்சொல்" என்று குரல் சொன்னது.

நான் அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உள்ளுக்குப் போங்கோ, ரீச்சர்" என்றேன். அவர் போகவில்லை. "போறன், போறன். முதலிலை நீங்கள் ஃபோனை வையுங்கோ. அண்ணையையும் வெளியாலை அனுப்பிப்போட்டன். உள்ளுக்குப் போனதும் கடவுச்சொல்லை மாத்தப்போறன். உங்கடை காது பொல்லாத காது, தங்கச்சி, தட்டிற சத்தத்தை வைச்சே கண்டுபிடிச்சுப்போடுவியள்."

ஆக மொத்தத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: என் தொழிலில் பிடிக்க ஆகக் கஷ்டமான வழு, கதிரையில் சாய்ந்திருந்துகொண்டு "எனக்கு எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதே" என்று சொல்லும்.