மண்வெட்டி தொடாத ஞாயிறு

இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து முடிகிற இடத்தில் இரண்டு வயல்கள் இருக்கின்றன. மேலே இருப்பது ஆண்டியப்பனுடையது. கீழே, கடைசியாக இருப்பது நாகேஸ்வரி அக்காவுடையது. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர். கணவர் இறந்த பிறகு தனியாக வயல் செய்கிறார்.

ஆண்டியப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு, மனைவி அழகம்மாவுடன் இங்கே வந்தவர். வந்த புதிதில் கூலிக்குக் காடு வெட்டினார். பிறகு குத்தகைக்கு வயல் எடுத்தார். அழகம்மா மலேரியாவில் படுத்திருந்தபோது ஜெபக்கூடத்துப் பெண்கள் தினமும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தக் கஞ்சிதான் இருவரையும் வேதத்துக்கு இழுத்தது. ஞானஸ்நானத்தில் அவருக்கு யோசேப்பு என்று பெயர் வைத்தார்கள். கேலிக்குத் தவிர அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிடவில்லை.

நான் படிப்பு முடிந்து, வேலையும் கிடைக்காமல், வீட்டிலும் இருக்க முடியாமல் வயல்பக்கம் திரிந்த காலத்தில் அவரோடு பழகினேன். இதில் பாதி நான் கண்டது. மீதி அவரும் அழகம்மாவும் சொன்னது.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களிடம் இருக்கும் கண்டிப்பு அவரிடமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தொடமாட்டார். வாய்க்கால் தண்ணீர் எடுக்கும் முறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் வேறு யாரிடமாவது நாளை மாற்றிக்கொள்வார். "யோசேப்பருக்கு இண்டைக்குக் கை விளங்காது" என்று வாய்க்காலில் நிற்பவர்கள் பகிடி பண்ணுவார்கள். அவருக்கு அது பெருமையாகவே இருந்தது.

எண்பத்திரண்டாம் ஆண்டு, கோடையில் செய்யும் சிறுபோகத்தில் அவருடைய முறை ஒரு சனிக்கிழமை மாலையில் வந்தது. வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் வக்கடையை வெட்டித் திறந்தார். இருட்டுவதற்குள் வயல் நிரம்பும், அடைத்துவிடலாம் என்று நினைத்தார். தண்ணீர் மெதுவாகவே வந்தது. திறந்தபடி விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் வெள்ளை வேட்டியுடன் ஜெபத்துக்குப் போகும் வழியில் பார்த்தார். வயல் விளிம்புவரை ததும்பி நின்றது. நாலு வெட்டு மண் போட்டால் வக்கடை அடைபட்டிருக்கும். மண்வெட்டியும் வரம்பிலேயே கிடந்தது.

"அடைச்சிட்டு வாங்களேன்" என்றாள் அழகம்மா.

"இன்னைக்கு ஆண்டவரோட நாள். அவர் பாத்துக்குவாரு, நீ நட."

அன்று ஜெபக்கூடத்தில் அவர் எழுந்து சாட்சி சொன்னார். வரும் வழியில்கூட வயல் தன்னைக் கூப்பிட்டது என்றும், தான் திரும்பிப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள்.

திரும்பி வரும்போது இரண்டு வயலுக்கும் நடுவிலிருந்த வரம்பு உடைந்திருந்தது. நாகேஸ்வரி அக்கா முதல் நாள்தான் தண்ணீரை வடித்து, சேற்றில் முளைநெல் விதைத்திருந்தார். அந்த நெல்லெல்லாம் அள்ளுண்டு போய் ஒரு மூலையில் நுரையோடு ஒதுங்கிக் கிடந்தது. அக்கா அதைக் கையால் அள்ளிச் சுளகில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆண்டியப்பனைக் கண்டதும் அக்கா சொன்னார்: "நண்டு வளை தோண்டி வரம்பை உடைச்சுப் போட்டுது போல, அண்ணை. நீங்கள் கோயிலுக்குப் போன நேரம். நீங்கள் என்ன செய்வியள், பாவம்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டி, உடைப்பை அடைத்தார். அது ஞாயிறு என்பது அப்போது அவருக்கு நினைவிலேயே இல்லை.

அதன் பிறகு அவர் சாப்பாட்டை விட்டார். உபவாசம் என்று சொன்னார். முழங்காலில் நின்று, "ஆண்டவரே, என்னை மன்னியும்" என்று அழுதார். எழுந்து வெளியே வந்தால் எதிரே அந்த வெறும் சேறு தெரியும். மறுபடி உள்ளே போய் முழங்காலில் நிற்பார்.

அழகம்மா பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் அடுப்படியிலிருந்தே கத்தினாள்: "யாருகிட்ட மன்னிப்பு கேக்குறீங்க? போனது ஆண்டவரோட நெல்லா? அந்தக்கா நண்டைத் திட்டிக்கிட்டு இருக்காங்க. நீங்க இங்க சுவத்தப் பாத்து அழுவுறீங்க!"

"சொன்னா, என் சாட்சி என்னாகும் அழகம்மா? ஜெபக்கூடத்துல என்ன நெனைப்பாங்க?"

"உங்களுக்கு அதான் கவலையா?"

அந்தக் கேள்விதான் தன்னை வெட்டிப்போட்டது என்று என்னிடம் சொன்னார். ஆண்டவருக்குப் பயந்து அல்ல, தன் பெயருக்குப் பயந்துதான் அன்றைக்கு மண்வெட்டியைத் தொடவில்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அன்றே, சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல்லை விதைக்கென்று ஊறவைத்தார்கள். "இனி மரவள்ளிக்கிழங்குதான், பரவாயில்லையா?" என்று கேட்டார். "நான் தோட்டத்துல தின்னாததா?" என்றாள் அவள்.

முளைவிட்ட நெல்லைச் சாக்கோடு தலையில் வைத்துக்கொண்டு அவர் அக்காவின் வயலுக்குப் போனபோது நான் வாய்க்கால் கட்டில் இருந்தேன்.

"நண்டு இல்லம்மா. நான்தான். ததும்பி நின்னதைப் பாத்துட்டே போனேன். ஞாயித்துக்கெழமைன்னு அடைக்கலை."

அக்கா நிமிர்ந்து நின்று கேட்டார்:

"பாத்துக்கொண்டே போனனீங்களோ?"

"ஆமாம்மா."

"அடுத்தவளின்ர வயலை அழிச்சுப்போட்டு வாவெண்டோ உங்கட ஆண்டவர் கூப்பிட்டவர்?"

"இல்லம்மா. அவரு கூப்பிடல. நானாத்தான் போனேன்."

"அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை? நான் பாவமெண்டு சொல்லேக்க, வாயில மண்ணோ?"

அவர் தலையிலிருந்த சாக்கை வரம்பில் இறக்கினார்.

"நெல்லை விதைச்சுப்போட்டுப் போங்கோ. என்னோட கதைக்க வேண்டாம்."

அவர் விதைத்தார். அக்கா அந்தப் பக்கம் திரும்பியே நின்றார்.

பிந்தி விதைத்த பயிர், பிந்தித்தான் கதிர் தள்ளியது. அந்த நேரம் குளத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது. கடைசி முறை ஒன்றுதான் கிடைத்தது. ஆண்டியப்பன் தன் வக்கடையைத் திறக்காமல், தன்னுடைய பங்கையும் கீழே விட்டார். அவருடைய நெல்லில் பாதி பதராகப் போனது. அக்காவின் வயல் பிழைத்தது. அக்கா வெட்டினார், அடித்தார், மூட்டை கட்டினார். அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குள் ஜெபக்கூடத்திலும் அவர் எழுந்து நடந்ததைச் சொல்லியிருந்தார். சிலர் முகம் சுளித்தார்கள். இப்போது அவர் சாட்சி சொல்வதில்லை. சபைக்குப் போகும்போது முதலில் வரம்புகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சில நாள் காலில் சேற்றோடு பிந்திப் போய்க் கடைசிப் பாயில் உட்காருகிறார்.

"அக்கா உங்களை மன்னிச்சிட்டாவோ எண்டு ஒருக்கால் கேட்டுப் பாக்கலாமே?" என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"கேக்க மாட்டேன் தம்பி. கேட்டா, மொகத்துக்காக ஆமான்னு சொல்லிப்புடுவாங்க. எனக்கு மனசு லேசாவணும்னு அவங்களை அப்படிச் சொல்ல வைக்கவா? போதும், அவங்க வயலை ஒரு தடவை அழிச்சது."

சொல்லிவிட்டு வரம்பில் குனிந்து, ஒரு நண்டு வளையைக் குதிகாலால் மிதித்து அடைத்தார்.