மாடிவீட்டு ஃப்ரிஜ்

குகட்பள்ளிக்குக் குடிவந்த புதிதில், கீழ்வீட்டு பத்மக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடியேறி வந்து, என் சமையலறையை எட்டிப் பார்த்து, "ஏம்மா, ஃப்ரிஜ் பாடையிந்தா?" என்றார். ஃப்ரிஜ் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கிறார். இல்லையே, நன்றாக ஓடுகிறது, உள்ளே தோசைமாவுகூட இருக்கிறது, வேண்டுமா என்று எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் கேட்டேன். மாவை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் கிண்ணம் நிறையப் புளிஹோரா என்கிற புளியோதரையோடு திரும்பி வந்தவருக்குப் பின்னால் ஒரு ஃப்ரிஜ் மெக்கானிக்கும் நின்றுகொண்டிருந்தார்.

பாளையங்கோட்டையில் என்றால் கீழே இருப்பவர்கள் முற்றத்தில் நின்று, "மேல என்ன சத்தம்? அணைச்சித் தொலைங்க" என்று ஒரு குரல் கொடுத்திருப்பார்கள். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். இங்கே யாரும் நேராக நிறுத்து என்று சொல்வதில்லை. உங்களுக்கு ஏதோ கஷ்டம் என்று வைத்துக்கொண்டு, அதைத் தீர்க்க ஆளோடு வருகிறார்கள். பத்மக்காவைத் தூங்கவிடாமல் செய்த அந்த ரீங்காரம் ஃப்ரிஜ்ஜிலிருந்து வரவில்லை என்று சொல்லும் தைரியம் அன்று எனக்கு வரவில்லை. மெக்கானிக் ஃப்ரிஜ்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

சத்தம் வந்தது என் சிந்தசைசரின் பெட்டியிலிருந்து. என்னைவிட வயதில் மூத்த ஜப்பானிய வாத்தியம் அது. திருமுல்கேரியில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு கல்யாண ஆர்கெஸ்ட்ராக்காரரிடம் வாங்கினேன். பாதிக் கட்டைகள் ஊமை, மீதி பேசியவை வேறுவேறு சுருதியில் பேசின. அதன் ஊரில் மின்சாரம் நூறு வோல்ட். நம் சுவர்களில் இருப்பதோ இருநூற்று முப்பது. நேராகச் சொருகினால் ஒரு நொடியில் கருகிவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜைக் குறைக்க ஆட்டுக்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியைத் தரையில் வைத்திருந்தேன். அதுதான் ரீங்கரித்தது. என் தரை பத்மக்காவின் கூரை.

மருத்துவக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் போர்டுகளை வடிவமைப்பது என் வேலை. பழைய சிந்தசைசரைத் திறந்து சரிசெய்வது அதே வேலையை ஆசைக்காகச் செய்வது. செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தினேன்: காய்ந்துபோன கெப்பாசிட்டர்களை மாற்றுவது, ரெகுலேட்டரைப் புதுப்பிப்பது, கட்டைகளுக்கு அடியில் உள்ள தொடுமுனைகளைத் துடைப்பது, வெளியே இருக்கும் பெட்டிக்குப் பதில் உள்ளேயே இருநூற்று முப்பதுக்கான டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்துவது. முதல் மூன்றும் சீக்கிரம் முடிந்தன. நான்காவதற்கு அடித்தகட்டில் துளை போட வேண்டும். சென்னையில் இதே பைத்தியம் பிடித்த கல்லூரித் தோழி ஒருத்தி, "துளைபோட்டா போச்சு, அப்புறம் அது ஒரிஜினல் இல்ல" என்று சொல்லியிருந்தாள். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அந்த நாட்களில் என் வீட்டுச் சுவரிலும் ஒரு ஆணி கிடையாது. கட்டில்கூட வாங்கவில்லை. எப்படியும் ஊருக்குப் போய்விடுவோம், எதையும் துளைக்க வேண்டாம் என்று ஒரு நினைப்பு.

மெக்கானிக் வந்துபோன மறுவாரம் சனத்நகர் போனேன். வெல்டிங் மெஷின்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் பட்டறை. மேசையில் இருந்த பெண் என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்னா சோட்டா கைக்கு மேடம்? ஃபிஷ் டேங்க்?"

இவ்வளவு சின்னது எதற்கு, மீன்தொட்டிக்கா என்றாள். பாட்டுக்கு என்றேன். அவள் உள்ளே திரும்பி, பாடுகிற மீனுக்காம் என்று சொன்னதும் பட்டறையே சிரித்தது. ஆனால் நல்ல பொருளாகச் சுற்றிக் கொடுத்தார்கள். மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டையோடு, கைக்கு அடக்கமாக. ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அன்று மாலையே துளை போட்டுப் பொருத்திச் சொருகினேன். ஒரு முனகல் இல்லை. விளக்கு மட்டும் எரிந்தது.

இரண்டு நாள் கழித்து பத்மக்கா முகம் வாடி மேலே வந்தார். "சத்தமே காணோமே. ஃப்ரிஜ் செத்துப்போச்சா?"

இந்த முறை உண்மையைச் சொல்லி, வாத்தியத்தைக் காட்டினேன். ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தேன். ஸ்வரம் மூச்சு வாங்காமல் நீண்டது. பத்மக்கா இடுப்பில் கைவைத்து நின்று கேட்டார். பிறகு, தன் பாட்டுக்கு, அதன்மேல் ஒரு வரி பாடினார். நல்ல கனத்த குரல். பாடி முடித்து என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு வேலை வந்துவிட்டது தெரிந்தது.

பதுகம்மா வந்துகொண்டிருந்தது. பூக்களை அடுக்கடுக்காகக் கோபுரமாக வைத்து, பெண்கள் சுற்றிவந்து கைதட்டிப் பாடும் பண்டிகை. அந்தக் கோபுரத்தின் முக்கியமான பூ நம் ஆவாரம்பூ. இங்கே அது மகாராணி. எங்கள் காலனியில் சில வருடங்களாகப் பெண்கள் பாடுவதில்லை, ஸ்பீக்கர் பாடுகிறது. இந்த முறை ஸ்பீக்கர் வேண்டாம், நாமே பாடுவோம் என்று பத்மக்கா கூட்டத்தில் சொல்லியிருந்தார். எதிர் ப்ளாக் ரமாதேவி, "முதல் நாள் பார்ப்போம். கேட்க முடியலைன்னா ரெண்டாம் நாள் ஸ்பீக்கர்" என்று நிபந்தனை போட்டிருந்தார். எல்லாரும் ஆளுக்கொரு சுருதியில் பாடுவார்கள் என்பதே பத்மக்காவின் பயம். சுருதி பிடிக்க என் பெட்டி வேண்டும்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏட்டி, அங்க சாமி கும்புடுவாங்கள்லா?" என்றாள். பூவைச் சுற்றிப் பாடுவார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "சுதி சேக்கத்தான போற. போய்ட்டு வா. கிறிஸ்மஸுக்கு நம்ம கோயிலுக்கும் அதைக் கொண்டா."

பழைய சிந்தசைசர் குளிர்ந்த நிலையில் சுருதி நிற்காது. சூடேறும்வரை நழுவிக்கொண்டே இருக்கும். என்னுடையது மேல்நோக்கி நழுவும். அதனால் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். காலனிப் பூங்காவில் மின்சாரம் இல்லை, ஜெனரேட்டர்தான். அது எனக்குக் கவலையாகவே தோன்றவில்லை. எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு ஜெனரேட்டர் மத்தியானமே உறும ஆரம்பித்துவிடும். சோற்றுப்பானை கொதிப்பதற்கு முன்பே சீரியல் லைட் எரியும், பாடகர்குழு கீபோர்டைத் தட்டிப் பார்க்கும். எல்லா ஊரிலும் ஜெனரேட்டர் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

நான் வெயில் தாழும் முன்பே போய் மேசை போட்டு வயரோடு நின்றேன். ஜெனரேட்டர்காரர் அதன்மேலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அபீ நக்கோ மேடம். பூஜா ஹோனே தோ."

பூஜை முடிந்துதான் ஓட்டுவாராம். மெஷின் சூடாக வேண்டும் என்று கெஞ்சினேன். "இது சூடானா டீசல் போகும் மேடம்," என்று ஜெனரேட்டரைத் தட்டிக் காட்டினார். மஞ்சளில் பிடித்த கௌரம்மா அம்மனுக்குக் கற்பூரம் காட்டிய பிறகுதான் கயிற்றை இழுத்தார். அடுத்த நிமிடம் பெண்கள் வட்டம் கட்டிவிட்டார்கள். பத்மக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சில்லென்று கிடந்த வாத்தியத்தில் கட்டையை அழுத்தினேன்.

முதல் சுற்றிலேயே நழுவியது. சுருதி காட்டும் ட்யூனரின் முள்ளைப் பார்த்துப் பார்த்துக் குமிழைத் திருப்பி ஸ்வரத்தைக் கீழே இழுத்தேன். அது மறுபடி ஏறியது. வட்டத்தில் வந்த ரமாதேவி என்னைக் கடக்கும்போது, "பத்மா, நீ ஃப்ரிஜ் ஏடுஸ்தோந்தி" என்றார். உன் ஃப்ரிஜ் அழுகிறது. ஃப்ரிஜ் கதை அதற்குள் காலனி முழுக்கப் பரவியிருந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். பத்மக்கா சிரிக்கவில்லை. குரலை இன்னும் உயர்த்தினார்.

அப்போதுதான் கவனித்தேன். அவர்களும் ஏறிக்கொண்டிருந்தார்கள். கைதட்டிச் சுற்றுகிற பெண்கள் ஒவ்வொரு சுற்றிலும் உற்சாகத்தில் கொஞ்சம் மேலே போகிறார்கள். நான்தான் என் முள்ளோடு அவர்களைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். ட்யூனரைக் கவிழ்த்து வைத்தேன். கண்ணை பத்மக்காவின் வாயசைவில் வைத்தேன். அவர் ஏற, நான் விட்டேன். மெஷின் முந்தினால் ஒரு மயிரிழை பிடித்தேன். அவர் முந்தினால் தள்ளிவிட்டேன். அதன் கோளாறும் அவர்களின் சந்தோஷமும் ஒரே திசையில் போயின. சில சுற்றுகளில் அத்தனை குரலும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. ஜெனரேட்டர்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தொடங்கிய ஸ்வரத்தைவிட எங்கேயோ உயரத்தில் பாட்டு முடிந்தது. வேறு யாருக்கும் அது தெரியாது என்று நினைத்தேன்.

ரமாதேவி மூச்சிரைக்க மேசைக்கு வந்து, வாத்தியத்தைச் சுற்றிப் பார்த்தார். "ரேப்பு கூட ஃப்ரிஜ் தீஸ்குரா," என்றார். நாளைக்கும் எடுத்து வா. ஸ்பீக்கர் பேச்சு அதோடு முடிந்தது.

பெண்கள் ஒருவருக்கொருவர் மஞ்சள் பூசிக்கொண்டார்கள். பத்மக்கா என் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அதே விரல்களால் குமிழைப் பிடித்தார். "இதைத்தானே திருப்பிக்கிட்டே இருந்தே? கூடவே வந்தியே."

குமிழைச் சுற்றிய தகட்டில் ஏற்கெனவே ஒரு குறி உண்டு. அம்மா கொண்டுவரச் சொன்ன அன்றே எங்கள் கோயில் பாடகர்குழுவின் சுருதிக்கு நான் வைத்த வெள்ளை நெயில் பாலிஷ் புள்ளி. அதற்குச் சற்று மேலே, பாட்டு முடிந்த இடத்தில், இப்போது பத்மக்காவின் கட்டைவிரல் மஞ்சள். டிசம்பரில் பாளையங்கோட்டைக்கு எடுத்துப்போகத் துணியை நனைத்து வாத்தியம் முழுவதையும் துடைத்தேன். அங்கே வெள்ளைப் புள்ளியில்தான் பாட்டைத் தொடங்குவார்கள். மஞ்சளைச் சுற்றித் துடைத்துவிட்டு, துணியைக் காயப்போட்டேன், புதிதாக அடித்த ஆணியில்.