செருப்புக் காவல்

கடற்கரைக்குப் போகும் எந்தக் குடும்பத்திலும் ஒருவர் மணலிலேயே உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் கால் நனைக்கப் போவார்கள். இவர் செருப்புகளைப் பார்த்துக்கொள்வார். எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் என்னுடையது. கல்யாணமான புதிதில் மெரினாவில் என் கணவரின் புதுத் தோல் செருப்பு காணாமல் போய், மேற்கு மாம்பலம் வரை மனிதர் வெறுங்காலோடு பஸ்ஸில் வந்தார். அன்று கிடைத்த நியமனம். பதவி உயர்வும் இல்லை, ஓய்வும் இல்லை. நான் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள்; எங்கள் வீட்டுத் துணியெல்லாம் கடல் காற்றில்தான் காயும். ஆனால் கணுக்காலுக்கு மேல் கடல் என்னைத் தொட்டதே இல்லை.

அதனால், அந்தமான் போகலாம் என்று மகள் சொன்னபோது எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. கழுத்தளவு தண்ணீரில் நிற்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் தி. நகரில் பாதியை வீட்டுக்குத் தூக்கி வந்தோம். கணவருக்குத் தென்னை மரம் அச்சடித்த சட்டை, நாத்தனாருக்குக் குடை அகலத்துக்கு ஒரு தொப்பி. பாண்டி பஜாரில் மகள் என்னைத் தனியே இழுத்துப் போய், முழங்கால் வரை மறைக்கும் கருநீல நீச்சல் உடை ஒன்றை வாங்கிக் கொடுத்தாள்.

"அப்பாகிட்ட இப்ப சொல்லாதம்மா. அங்க போய் பாத்துக்கலாம்."

துண்டுக்குள் சுருட்டிப் பெட்டியின் அடியில் வைத்தேன். தங்கம் கடத்துகிறவள் மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது.

தீவில் இறங்கியதும் நாத்தனார் கடையைத்தான் தேடினாள். சிப்பி விளக்கைப் பாதி விலைக்குக் கேட்டாள். கடைக்காரர் தமிழிலேயே, "அக்காவுக்கு மெட்ராஸா?" என்றார். இதெல்லாம் எங்கே செய்கிறீர்கள் என்று மகள் விசாரித்தாள். "பாரிமுனையிலேர்ந்து கப்பல்ல வருதும்மா." நாத்தனாருக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. "அப்ப நல்ல சரக்காதான் இருக்கும்" என்று இரண்டாக வாங்கிக்கொண்டாள்.

ராத்திரி கடலோரத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பாடு. சுட்ட மீன் முழுசாக வந்தது. என் கணவர் பரிமாறியவரைக் கூப்பிட்டு, "தம்பி, முள்ளு தெரியல. ஒரு டியூப் லைட்டப் போட்டு விடுப்பா" என்றார். அவரும் போட்டுவிட்டார். பக்கத்து மேசையில் கைகோத்திருந்த புது ஜோடி வெடுக்கென்று கையை விலக்கிக்கொண்டது.

மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போனோம். மணல் வெள்ளையாக இருந்தது, தண்ணீரில் தரை தெரிந்தது. வந்தவர்களின் செருப்புகள் அவை பாட்டுக்கு அங்கங்கே கிடந்தன. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுடிதாருக்குள் நீச்சல் உடையோடு நான் வியர்த்துக்கொண்டு நின்றேன். என் கணவர் ஒரு மரத்தடியில் எல்லாச் செருப்புகளையும் வரிசையாக வைத்தார். பக்கத்தில் சிப்பி விளக்குப் பையையும் வைத்தார்.

"நீ இங்க நிழலா உக்காந்துக்க. நாங்க நனைஞ்சுட்டு வந்துடறோம்."

திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். நிழல் பார்த்து உட்கார வைத்தார் பாருங்கள், அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். தண்ணீருக்குள்ளிருந்து மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எழுந்தேன். சுடிதாரைக் கழற்றி, பழக்கதோஷம், மடித்து விளக்குப் பையின்மேல் வைத்தேன். என் செருப்பையும் வரிசையின் கடைசியில் விட்டுவிட்டுக் கடலைப் பார்த்து நடந்தேன்.

முழங்காலளவு தண்ணீரில் நின்ற கணவர் என்னைப் பார்த்தார். உடையைப் பற்றித்தான் ஏதோ சொல்லப் போகிறார் என்று தயாரானேன்.

"ஐயோ, செருப்ப யாரு பாக்கறது?"

"நீங்க பாருங்க."

என்னைத் தாண்டி அவர் கரைக்கு ஓடினார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பு, மார்பு, கழுத்து. ஓர் அலை வாய்க்குள் புகுந்து உப்புக் கரித்தது. பயமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. கரையில், நனைந்த தென்னைமரச் சட்டையோடு அவர் செருப்புகளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

ஊர் திரும்பிய பிறகு, அந்தமான் எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும் அவர் சொன்னது ஒன்றுதான். "எங்க பாத்தேன்? இவ கடலுக்குள்ள போயிட்டா. நான் செருப்புக்குக் காவலா உக்காந்துக்கினு இருந்தேன்."

கேட்டவர்கள் எல்லாரும் அவருக்காக உச்சுக்கொட்டினார்கள். இத்தனை வருஷத்தில் எனக்காக ஒருவரும் ஒரு தடவைகூட உச்சுக்கொட்டியதில்லை.