மருந்து அடித்தவர்

என் பழைய டைரியில் 1984 ஆகஸ்டு 14, செவ்வாய்க்கிழமைக்கு நேராக இப்படி எழுதியிருக்கிறேன்: “கண்மணி ஊசிமுனை அளவு. மூக்கும் வாயும் ஒழுகுகின்றன. இரண்டும் சேராதே.” பென்சிலில் அவசரமாக எழுதியது. எழுதிய இடம், ஈப்போவில் போதைப் பழக்கத்திலிருந்து மீள வருபவர்களுக்கான ஓர் இல்லத்தின் பின்கட்டு.

அப்போது நான் சில ஆண்டுகள் ஆசிரியையாக இருந்துவிட்டு, ஆலோசகர் ஆவதற்கான முதுநிலை டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். போதைக்கு அடிமையானவர்களுக்கு ஆலோசனை தருவது என் சிறப்புப் பாடம். வகுப்புகள் கோலாலம்பூரில் நடந்தன. செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் சொந்த ஊரான ஈப்போவையே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வந்தவரை நம்பு, குறுக்கிடாமல் கேள் என்று பாடப் புத்தகங்களில் படித்திருந்தேன். இல்லத்தில் நடந்ததோ வேறு. வீட்டிலிருந்து சோப்பு வந்தால் கத்தியால் வெட்டிப் பார்ப்போம். பற்பசையைப் பிதுக்கிப் பார்ப்போம். மனைவிமார் ஆசையாகக் கொண்டுவரும் கறியைக் கரண்டி விட்டுக் கிளறுவது என் பொறுப்பு. அங்கே தங்கியிருந்தவர்களும் என்னை நம்பவில்லை. நான் எதையாவது எழுதிக்கொண்டே இருந்ததால், “மாத்தா வருது” என்பார்கள். மாத்தா என்றால் போலீஸ்.

எனக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் முன்னாள் சிறைக் காவலர். எல்லோரும் அவரை சார் என்றே அழைப்போம். முதல் நாளே எனக்கு அவர் சொன்ன பாடம் இது: “வாய நம்பாதீங்க மிஸ். கண்ணப் பாருங்க. கண்மணி சின்னதா இருந்தா, போட்டிருக்கான். பெருசா இருந்து மூக்கு ஒழுகுச்சுன்னா, கியான்.” கியான் என்பது ஹொக்கியனிலிருந்து வந்த சொல். ஹெராயின் பவுடர் கிடைக்காத உடம்பு படும் தவிப்பை அப்படிச் சொல்வார்கள். அந்த வீட்டுப் பேச்சுவழக்கை நான் ஆர்வத்தோடு கற்றுக்கொண்டேன். ‘மருந்து’ என்றால் ஹெராயின். ‘மருந்து அடிச்சான்’ என்றால் மறுபடி தொடங்கிவிட்டான். கொஞ்ச நாளில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பதே எங்கள் காதுக்கு மறந்துபோனது.

செவ்வாய்தோறும் நண்பகலுக்குள் ஒருவர் வந்து எங்களிடம் ஆஜராக வேண்டும். கோலா கங்சார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் குத்தகைக்காரரிடம் வேலை பார்த்தவர். ரப்பரை வெட்டித் தள்ளிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுக்கொண்டிருந்த தோட்டம். அரசு மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வெளியே வந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. மறுபடி பழகிவிட்டார் என்று நாங்கள் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், கண்காணிப்பு அதிகாரி வந்து திரும்பவும் அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்த ஒரு வரிக்குப் பயந்தே அவர் ஒரு செவ்வாயும் தவறவிட்டதில்லை.

அன்று மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. வாயில் எச்சில் வழிந்தது. உட்காரும் முன்பே வாசல் சாக்கடைக் கால்வாயில் வாந்தி எடுத்தார்.

“பாத்தீங்களா, கியான்” என்றார் சார். பிறகு அவருடைய இமையைத் தூக்கிப் பார்த்தார். “கண்மணியப் பாருங்க. போட்டுமிருக்கான்.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மனைவி சுவரோடு ஒட்டி நின்றார். சார் அவரிடம் திரும்பினார்.

“என்னம்மா நடந்துச்சு? மறைக்காம சொல்லு.”

“மருந்து அடிச்சாரு சார். நேத்து முழுக்க அடிச்சாரு. காலையிலயும் அடிச்சாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன், கேட்டாத்தானே?”

“உனக்குத் தெரிஞ்சேவா?”

“தெரியாம என்ன சார்? தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும் லா.”

சார் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இவ்வளவு சுலபமாக ஒரு மனைவி ஒப்புக்கொண்டு நாங்கள் பார்த்ததில்லை. “தோட்டத்து டிரெஸர்கிட்ட காட்டலயா?” என்று நான் கேட்டேன். டிரெஸர் என்பவர் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்பவர். “காட்டுனோம்க்கா. பழைய பழக்கந்தானேன்னு சிரிச்சாரு. ரெண்டு மாத்திரை குடுத்துப் போகச் சொல்லிட்டாரு.”

அவரைப் பின்கட்டு அறையில் பாயில் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு வாளியை வைத்து, கதவைப் பூட்டினோம். கியானில் இருப்பவர்களை அந்த அறையில்தான் விடுவது வழக்கம். உடம்பு தானாகத் தேறட்டும் என்பார்கள். அதிகாரிக்குத் தொலைபேசியில் சொல்ல சார் முன்னறைக்குப் போனார். கதவிலிருந்த சதுர ஓட்டை வழியாகக் கவனித்துக் குறிப்பெடுப்பது என் வேலை. அப்போதுதான் டைரியில் அந்த மூன்று வரிகளை எழுதினேன். போட்டிருந்தால் மூக்கு இப்படி ஒழுகக் கூடாது. கியான் என்றால் கண்மணி விரிந்திருக்க வேண்டும். சார் கற்றுக்கொடுத்த பாடத்தின்படியே ஏதோ ஒன்று பொய். முதலில் எனக்கு வந்த எண்ணம், இவர் எங்களுக்குத் தெரியாத வேறு எதையோ கலந்து சாப்பிட்டிருக்கிறார் என்பதுதான். அது மனைவியிடம் இருக்கும் என்று நினைத்தேன்.

மனைவியின் கைப்பையை வாங்கிச் சோதித்தேன். ஒரு சீப்பு, பஸ் டிக்கெட், பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டிய நீலச் சட்டை. சட்டையைப் பிரித்ததும் மண்ணெண்ணெயும் வெள்ளைப்பூண்டும் கலந்தது போல ஒரு வாடை மூக்கில் ஏறியது.

“எதுக்கு இதச் சுத்திக் கொண்டாந்த?”

“வேலைச் சட்டைக்கா. குளிச்சா பஸ்ஸு போயிரும், பன்னண்டுக்குள்ள கையெழுத்துப் போடணும்னு சட்டைய மட்டும் மாத்திக்கிட்டாரு. பிள்ளைங்க தொட்டுரப் போவுதுன்னு கையோட எடுத்தாந்தேன்.”

குரலில் கோபம் இருந்தது. என்னையும் ஒரு மாத்தாவாகத்தான் பார்த்தார். நான் விடாமல், எங்கள் பயிற்சியில் கேட்கச் சொல்லும் கேள்வியைக் கேட்டேன்.

“எதுல அடிச்சாரு? ஊசியிலயா?”

அந்தப் பெண் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“ஊசியிலயா? பம்புல லா. முதுகுல மாட்டிக்கிட்டு அடிப்பாங்களே! செம்பனையில புழு விழுந்துருச்சுன்னு அந்தக் குத்தகைக்காரன் உசுர எடுக்குறான். பம்பு ஒழுவுது, மாத்திக் குடுன்னு இவரு நேத்தே சொன்னாரு.”

கையில் இருந்த சட்டையைக் கீழே போட்டேன். பூச்சிமருந்து விஷம் கண்மணியைச் சுருக்கும் என்று எங்கோ ஒரு சஞ்சிகையில் படித்திருந்தது ஞாபகம் வந்தது. உறுதியாகத் தெரியாது. முன்னறைக்கு ஓடினேன். சார் அதிகாரியின் அலுவலக எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

“சார், அவரு அடிச்சது பூச்சிமருந்து. உடம்பெல்லாம் ஊறியிருக்கு. குளிக்கவேயில்ல.”

“பொண்டாட்டி சொன்னாளா? பஸ்ஸுல வரும்போதே கத ஜோடிச்சிருப்பாங்க மிஸ். இத்தன வருசமா எத்தன கத கேட்டாச்சு!”

“அவ கதைய விடுங்க. நீங்க சொன்ன ரெண்டு அடையாளமும் ஒரே ஆள்கிட்ட எப்படி சார் இருக்கும்?”

ரிசீவரைக் காதில் வைத்தபடியே சற்று நேரம் என்னைப் பார்த்தார். அவருக்கு என் மேலும் சந்தேகம் வந்திருக்கும். படித்த பெண், பாவம் பார்க்கிறாள் என்று நினைத்திருப்பார். ஆனால் ரிசீவரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். கதவைத் திறந்தபோது வாளி கவிழ்ந்து கிடந்தது. பாயில் கிடந்தவருக்கு மூச்சு கொரகொரவென்று வந்தது, தொடைச் சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. பிணம் போலக் கனத்த அந்த உடம்பைச் சார் தன் தோளில் போட்டு, தானே வேனில் ஏற்றினார். மனைவி நீலச் சட்டையைப் பொறுக்கிப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணைப் பார்த்தார். சட்டை இருந்த பிளாஸ்டிக் பையைத் திறந்து முகர்ந்துவிட்டு உடனே மூடினார். உடம்பு முழுவதும் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார், ஊசிக்கு மேல் ஊசி போட்டார். எந்த மருந்து என்று கேட்டதற்கு மனைவிக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. குத்தகைக்காரர் பெரிய டிரம்மிலிருந்து ஊற்றிக்கொடுப்பாராம், அதில் எழுத்தே இல்லையாம். “அந்த அறையில இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா, மூச்சு நின்னுருக்கும்” என்று டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார். சார் தலையை ஆட்டிவிட்டு வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்ததும் டாக்டரிடம் அவர் கேட்டது என்ன தெரியுமா? “எதுக்கும் ஒண்ணுக்கு டெஸ்ட்டும் எடுத்துருங்க.”

எனக்குக் கோபம் வந்தது. கட்டிலில் கிடந்தவரோ, கண்ணைத் திறக்க முடியாமலேயே, “எடுங்க சார், எடுங்க” என்றார். தைரியத்தில் சொன்னாரா, களைப்பில் சொன்னாரா என்பது எனக்குப் புரியவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் திரும்பல் மட்டும் எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

அன்றைய அறிக்கையைச் சார் என்னையே எழுதச் சொன்னார். பூச்சிமருந்து உடம்பில் பட்டதால் ஏற்பட்ட நோய், மறுபடி பழகியதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை என்று எழுதினேன். ‘ஆதாரம் இல்லை’ என்ற இடத்தில் அவர் பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு கையெழுத்துப் போட்டார். நான் பயிற்சி முடித்துக் கிளம்பும் வரை அந்த மனிதர் செவ்வாய்தோறும் வந்துகொண்டிருந்தார். இப்போது குளித்துவிட்டே வந்தார், அதனால் நண்பகல் தாண்டித் தாமதமாக வந்தார். சார் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவு எங்கள் இல்லத்துக்கு வரவேயில்லை. அதிகாரிக்கு நேராகப் போனதா, தொலைந்ததா என்று பிற்பாடு இரண்டு இடங்களில் விசாரித்தும் தெரியவில்லை. அன்று அவர் உடம்பில் பவுடரும் இருந்ததா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. அது தெரியாமலேதான் அவரை வேனில் ஏற்றினோம், அதைத் தெரிந்துகொண்டு ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை என்பதுதான் இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குச் சொல்வது.